சங்குமுனைச் சுவரும் எட்டுமானியும்

மகிழ்வண்ணனின் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த எட்டுமானி இந்த முறையும் எரியவில்லை.

பிரகாசி தண்ணீர்க் குப்பியைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடியும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சங்குமுனை நகராட்சி மண்டபத்தில் அவர்களைப் போலவே இன்னும் பல ஜோடிகள் எதிரெதிராக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் கத்தவில்லை. அங்கங்கே ஒரு காதோரத்தில் பச்சை விளக்கு மினுக்கும்போது மட்டும் “எரிஞ்சிட்டு, எரிஞ்சிட்டு!” என்று ஒரு சந்தோஷக் குரல் எழும்.

“இன்னொரு தடவ சொல்லிப் பாக்கேன் அண்ணாச்சி. துறைமுகத்துல காலமெல்லாம் கிரேன் ஓட்டி ஆசையாக் கட்டின வீடு. அது கண்ணு முன்னால உப்புத்தண்ணியில ஊறிப் போகுது. அதனால ஒங்களுக்குக் கடற்சுவர் வேணும். இதானே?”

“இதான்” என்றார் மகிழ்வண்ணன். தலையையும் பலமாக ஆட்டினார்.

“நீங்க இதாங்கிய. விளக்கு இல்லங்கு.”

“நான் என்னம்மா செய்ய? நான் ஆமாங்கேன். இந்தக் காதுக்குப் பின்னால இருக்கது ஒத்துக்க மாட்டேங்கு!”

புளியங்கொட்டை அளவுதான் இருக்கும் அந்தக் கருவி. தான் சொல்ல நினைத்தது அடுத்தவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஒரு மனிதர் உணரும் கணத்தில், காதை ஒட்டி ஓடும் ஒரு நரம்பு இலேசாகத் தளர்கிறது. புகழ்ந்தால் அந்தத் தளர்வு வருவதில்லை. ஆறுதல் சொன்னாலும் வருவதில்லை. நடிக்கவும் முடியாது. அதைக் கண்டுபிடித்தவர்கள் வலி மருத்துவர்கள். அதைச் சட்டமாக்கியது உள்ளாட்சித் துறை. ஒரு ஊரில் சாலையோ ஆலையோ குப்பைக் கிடங்கோ எது வருவதாக இருந்தாலும், கருத்துக் கேட்புக் கூட்டத்தில் தன் தரப்பைப் பேச விரும்புகிறவர் முதலில் எதிர்த்தரப்புக்காரர் ஒருவரின் மனதிலிருப்பதை அவரிடமே எடுத்துச் சொல்லி, அவருடைய எட்டுமானியை எரியவைக்க வேண்டும். எரியவைத்தால்தான் ஒலிவாங்கி கிடைக்கும், வாக்கும் கிடைக்கும்.

அதற்கு முன்னால் இதே மண்டபத்தில் நடந்த கூட்டங்கள் பிரகாசிக்கு நினைவிருந்தன. நாற்காலிகள் பறக்கும். யாராவது ஒருவர் ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார். மறுநாள் ‘பொதுமக்களின் கருத்துகள் கேட்கப்பட்டன’ என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும்.

இப்போது வந்திருந்தது கடற்சுவர்த் திட்டம். கடல் வருஷா வருஷம் ஏறிக்கொண்டிருந்தது. ஊரின் வடக்கே கலங்கரை நகரில் பௌர்ணமி, அமாவாசைக்கெல்லாம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. அங்கே கரையோரம் சுவர் எழுப்பினால் அந்த வீடுகள் பிழைக்கும். ஆனால் சுவரில் மோதித் திரும்புகிற அலை சும்மா போகாது; தெற்கே தோணித்துறையின் மணலை அரித்துக்கொண்டு போய்விடும். வடக்கு முழுக்கச் சுவர் வேண்டும் என்றது. தெற்கு முழுக்க வேண்டாம் என்றது. பிரகாசி தோணித்துறைக்காரி. அந்த மணலில்தான் அவளுடைய கருவாட்டுக் களம் இருந்தது. குலுக்கலில் அவளுக்கு எதிராளியாக வந்தவர் கலங்கரை நகர் மகிழ்வண்ணன்.

“அண்ணாச்சி, இங்க உக்காந்து வேலைக்காகாது” என்று பிரகாசி எழுந்தாள். “ஒங்க வீட்டக் காட்டுங்க.”

வீடு சின்னதாகவும் சுத்தமாகவும் இருந்தது. சுவர்களில் முழங்கால் உயரத்துக்கு உப்பு பூத்திருந்தது. கூடத்துக் கட்டிலில் மகிழ்வண்ணனின் மனைவி செண்பகவல்லி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மூட்டுவலிக்காரி, கூட்டங்களுக்கு வர முடியாது என்று கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு வாங்கியிருந்தார்கள். பிரகாசியைப் பார்த்துச் சிரித்து, “வா தாயி” என்றாள். பிறகு அவள் பார்வை தரைக்குப் போய்விட்டது. காப்பி வந்தது, பேச்சு வந்தது. அவள் மட்டும் கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவே உள்ள தரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மகிழ்வண்ணன் பிரகாசியைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பாத்தியளா? போன ஐப்பசியில தண்ணி வந்தப்ப நான் வீட்டுல இல்ல. மருந்து வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பாக்கேன், கட்டிலு மேல ஏறி நின்னுக்கிட்டிருக்கா. கீழ முழங்காலுக்குத் தண்ணி. ஒரு பேச்சு பேசல. அன்னையிலருந்து இப்படித்தான், தரையவே பாத்துக்கிட்டிருக்கா.”

“அக்காவுக்கு எந்த ஊரு?”

“சங்கரன்கோயில் பக்கம். லாரித் தண்ணிக்குக் கொடம் தூக்கின ஊரு. கல்யாணம் ஆன புதுசுல நான் சொன்னேன், ‘ஒன்னைய ஒரு நாள் கடக்கரையில குடி வைக்கேன், பாரு’ன்னு...” அவர் துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிரகாசி கொடியின் மறுமுனைக்குப் போய் நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“ஒங்களுக்கு வீடு போறது பெருசில்ல அண்ணாச்சி. வறண்ட ஊர்ல கெடந்த பொம்பளைய ஆச காட்டிக் கூட்டியாந்து இந்தப் பயத்துல உக்கார வச்சிட்டமேன்னு இருக்கு. நீங்க குடுத்த வாக்குதான் அந்த அக்கா காலச் சுத்திக்கிட்டு நிக்கி. சுவரு வந்தாத்தான் நீங்க அவுக மொகத்தப் பாக்க முடியும்.”

மகிழ்வண்ணன் திரும்பவில்லை. ஆனால் அவர் காதுக்குப் பின்னால் பச்சை விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. அவர் தோள் குலுங்குவதைப் பார்த்துவிட்டு பிரகாசி சத்தமில்லாமல் கூடத்துக்கு வந்துவிட்டாள்.

அடுத்து அவருடைய முறை. பிரகாசியின் காதில் எட்டுமானியை ஒட்டிவிட்டு அவர் ‘மீனவர் வாழ்வாதாரம்’ என்று ஆரம்பித்தார். எரியவில்லை. ‘பரம்பரைக் கரை’ என்றார். அதற்கும் எரியவில்லை. பிரகாசிக்கே வியப்பாக இருந்தது. அவளும் அதைத்தானே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்! மனுஷர் விடவில்லை. மறுநாள் காலையில் களத்துக்கே வந்துவிட்டார். குடையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்று பார்த்தார். பெண்கள் சாளை மீனைப் பரப்பினார்கள், புரட்டினார்கள், காக்கை விரட்டினார்கள், சத்தமாகச் சிரித்தார்கள். படகிலிருந்து வந்த ஆண்கள் கூடையோடு நின்று எங்கே இறக்க என்று கேட்டார்கள். பிரகாசி கையைக் காட்டிய இடத்தில் இறக்கினார்கள்.

வெயில் ஏறியதும் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஒரு சங்கதி தோணுது, சொல்லட்டா? படகு எங்க வேணா ஒதுங்கும். இங்க மணல் போனா ஆம்பளையள் துறைமுகத்துக்குப் போயிருவாக. அவுகளுக்குப் பெரிய கஷ்டமில்ல. அங்க வியாபாரி லாரியோட நிப்பான், மீன் அப்படியே ஏறிப் போயிரும். ஒங்க கைக்கு வராது. இந்தத் தெருவுல பொம்பளையள் சொல்ல ஆம்பளையள் கேக்க ஒரே எடம் இந்த மணல்தான். அது போச்சுன்னா நீங்க எல்லாரும் அவங்கவங்க வீட்டு அடுப்படிக்குப் போயிரணும். அதத்தான் ஒங்களால தாங்க முடியல.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் காதோரம் வெதுவெதுப்பாக ஏதோ நழுவுவது போலிருந்தது பிரகாசிக்கு. மூட்டையை இறக்கி வைத்தவுடன் தோளில் வருமே, அந்த மாதிரி. “எக்கா, ஒனக்கு எரியுது!” என்று களத்திலிருந்து யாரோ கூவினார்கள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“இத நான் எம் மனசுக்குள்ளகூட இப்படிச் சொன்னதில்ல அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரரு சொன்னதில்ல, சங்கத்துல சொன்னதில்ல. நீங்க எங்கருந்து வந்து சொல்லுதீய?” என்று அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் விரலெல்லாம் மீன் செதிலும் உப்பும். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கூட்டத்து நாள் வந்தது. கருத்துக் கேட்பு அலுவலர் நிறைமதி மேடையில் உட்கார்ந்திருந்தாள். மண்டபம் நிரம்பி வழிந்தது. பிரகாசியின் பெயரைக் கூப்பிட்டார்கள். தோணித்துறைப் பெண்கள் கைதட்டினார்கள். அவள் ஒலிவாங்கியைப் பிடித்தாள். மூன்று மாதமாகப் பாடம் பண்ணி வைத்திருந்த பேச்சு நாக்கு நுனியில் இருந்தது. எதிரே முதல் வரிசையில் மகிழ்வண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சுவரு வேணும்” என்றாள் பிரகாசி.

தோணித்துறைப் பெண்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

“வடக்க ஒரு வீட்டுல ஒரு அக்கா தரையவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காக. அத நான் பாத்துட்டேன். இனிமே எனக்கு இந்த மணல்ல நிம்மதியா ஒரு மீனக் காயப் போட முடியாது. சுவரக் கட்டுங்க.”

அடுத்து மகிழ்வண்ணன் எழுந்தார். “சுவர் வேண்டாம்” என்றார். “என் வீடு போனா இன்னொரு வீடு. அந்தப் பொம்பளையளுக்கு இன்னொரு மணல் கெடையாது.”

அதன் பிறகு வந்தவர்களும் அப்படியே பேசினார்கள். தோணித்துறைப் படகுக்காரர் ஒருவர் கலங்கரை நகர்ப் பள்ளிக்கூடத்துக்காகக் கெஞ்சினார். கலங்கரை நகர் வாத்தியார் ஒருவர் மீன் வலைகளுக்காக வாதாடினார். ஒருவர் பேசி முடித்ததும் அவருடைய எதிராளி வந்து கட்டிக்கொண்டார். நிறைமதி தன் வேலைக் காலத்தில் இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வாக்கெடுப்பை அறிவித்தாள்.

முடிவு வந்தபோதுதான் அவளுக்குத் தலை சுற்றியது. வேண்டும் பாதி, வேண்டாம் பாதி. சரிசமம். இந்தக் கேட்புக்கு எட்டுமானிகளைக் கொடுப்பதற்கு முன் எடுத்த கணிப்பிலும் அதே கணக்குதான். வடக்கு தெற்காகவும் தெற்கு வடக்காகவும் மாறியிருந்ததே தவிர ஊர் அதே இடத்தில் நின்றது.

பிரகாசி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மகிழ்வண்ணனிடம் போனாள். “அண்ணாச்சி, என்ன இது? நீங்க ஒங்க வீட்டுக்குப் போட்டிருக்கக் கூடாதா? மறுவாக்கு வச்சா மாத்திப் போடுங்க, கும்பிடுதேன்.”

“நீங்க மாத்திப் போடுங்க. என்னால முடியாது.”

“என்னால மட்டும் முடியுமா?”

இருவரும் ஒருவரையொருவர் கோபமாகப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குள் வந்த முதல் சண்டை அதுதான்.

நிறைமதி விதிமுறையைப் புரட்டினாள். வாக்குகள் சமமானால், விலக்குப் பெற்றவர்களை அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்க் கேட்க வேண்டும். இந்தக் கேட்பில் அப்படி விலக்குப் பெற்றவர் ஒரே ஒருவர்தான். செண்பகவல்லி.

அன்று பிற்பகலே நிறைமதி கலங்கரை நகருக்குப் போனாள். மகிழ்வண்ணனோடு பிரகாசியும் கூடப் போனாள். விலக்குப் பெற்றவர்களுக்கு விதி தலைகீழ். செண்பகவல்லி யாருடைய விளக்கையும் எரியவைக்க வேண்டாம்; ஆனால் யாராவது அவள் மனதைச் சொல்லி அவள் விளக்கை எரியவைத்த பிறகுதான் அவளிடம் வாக்கு வாங்கலாம்.

“அதுக்கென்ன, நான் இருக்கேனே” என்றார் மகிழ்வண்ணன். மனைவியின் காதுக்குப் பின்னால் தலைமுடியை ஒதுக்கி, பதமாகக் கருவியை ஒட்டினார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். “இவ அன்னைக்குத் தனியா நின்னு பயந்துட்டா மேடம். அந்தப் பயம் இன்னும் போகல. எப்பத் தண்ணி வருமோன்னு தரையப் பாத்துக்கிட்டிருக்கா.”

விளக்கு எரியவில்லை.

அவர் சற்று சிரித்தார். “என்னையத் திட்டவும் மனசில்ல. நான் ஆசையாக் கட்டின வீடுன்னு பொறுத்துக்கிட்டிருக்கா.”

அதற்கும் எரியவில்லை.

“சொந்த ஊருக்குப் போகணும்னு இருக்கு. வாய் விட்டுச் சொல்ல மாட்டேங்கா.”

மகிழ்வண்ணனின் முகம் வேர்த்துவிட்டது. பிரகாசி முன்னால் வந்து தனக்குத் தெரிந்ததைச் சொல்லிப் பார்த்தாள். அவளாலும் ஆகவில்லை. செண்பகவல்லி மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் உதட்டோரத்தில் ஏதோ ஒன்று அடக்கி வைத்த மாதிரி துடித்தது.

“நீங்களே சொல்லுங்கம்மா” என்றாள் நிறைமதி.

“என்னையக் கேக்கியளா?” என்று செண்பகவல்லி உறுதிப்படுத்திக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அன்னைக்கு மத்தியானம் வாசல் வழியா தண்ணி வந்துச்சு. மொதல்ல பயந்தேன், இல்லங்கல. ஒரு நிமிசந்தான். பெறகு சேலையத் தூக்கிச் செருகிட்டு, கேஸ் சிலிண்டர உருட்டி மேடையில சாத்தினேன். அரிசி டப்பாவ அலமாரிக்கு ஏத்தினேன். மெயின் சுவிட்ச அமத்தினேன். பின்வாசலத் தெறந்து விட்டேன், வந்த தண்ணி போகட்டும்னு. முட்டி வலி எங்க போச்சுன்னே தெரியல. எல்லாம் முடிச்சிட்டுத்தான் கட்டில்ல ஏறி நின்னேன். நம்ம வீட்டுக்குள்ள கடல் சலசலன்னு போய்க்கிட்டிருக்கு. எங்க ஊர்ல ஒரு கொடம் தண்ணிக்கு வரிசையில நின்னவ நான். எனக்குச் சிரிப்பு வந்துட்டு. அப்பத்தான் இவுக ஓடி வந்தாக. என்னையப் பாத்து ‘ஐயோ’ன்னு அழுதாக. அழுத மனுஷன் கிட்டப் போயி நான் நல்லாத்தான் இருக்கேன், சந்தோசமா இருக்கேன்னு எப்படிச் சொல்ல? சும்மா நின்னுட்டேன்.”

“அப்போ தரையப் பாக்குறது?” பிரகாசியால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அடுத்த தடவ வந்தா எத மொதல்ல தூக்கணும், கட்டில எங்கிட்டுத் திருப்பணும்னு யோசிச்சிட்டிருக்கேன் தாயி. வீட்ட ஜாக்கி போட்டு ஒரு ஆள் ஒசரத்துக்குத் தூக்குதாகளாம்ல? அப்படித் தூக்கிட்டா கீழ அது பாட்டுக்குப் போய்ட்டு வரட்டும். சுவரக் கட்டிட்டா நான் எதப் பாக்க?”

நிறைமதி அவள் சொன்னதையே தன் வாயால் திருப்பிச் சொன்னாள்: “நீங்க பயந்துபோய் உட்கார்ந்திருக்கலை. அன்னைக்கு நீங்க ஒருத்தராவே சமாளிச்சீங்க. அதை யாரும் கேட்கவே இல்லை.”

பச்சை விளக்கு எரிந்தது.

மகிழ்வண்ணன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பிரகாசிக்கு உடம்பு கூசியது. பின்கட்டில் அவள் அவ்வளவு அழகாகச் சொன்னதும், அவர் காதில் விளக்கு எரிந்ததும் பொய்யில்லை. அவர் மனதில் இருந்ததைத்தான் அவள் துல்லியமாகத் தொட்டாள். அவர் மனதில் இருந்ததே தப்பு. ஒரு வார்த்தை போய்ச் சேர்ந்ததா என்று மட்டும்தான் கருவிக்குத் தெரியும். போய்ச் சேர்ந்தது உண்மைதானா என்று அதற்குத் தெரியாது. அந்தத் தப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மண்டபம் முழுக்க அழவைத்துவிட்டு வந்திருந்தாள் அவள்.

“மன்னிச்சிருங்க அக்கா” என்றாள்.

“எதுக்கு? எனக்காகத்தான நீ ஒம் மணல விட்டுக் குடுத்த?” செண்பகவல்லி அவள் கன்னத்தைத் தடவினாள். “அந்தச் சங்கதிய இவுக போன்ல சொன்னப்ப, இப்படி ஒரு பொம்பளையும் இருக்காளான்னு நெனச்சேன்.” பிறகு நிறைமதியிடம் திரும்பி, வெற்றிலை வாங்கிவரச் சொல்லும் தொனியில், “சுவர் வேண்டாம்னு போட்டுக்கங்க” என்றாள்.

ஒரு வாக்கு வித்தியாசத்தில் கடற்சுவர்த் திட்டம் கைவிடப்பட்டது. தோணித்துறையில் அன்று வெடி வெடித்தார்கள். தான் வேண்டும் என்று வாக்களித்த சுவர் வராமல் போனதற்காக பிரகாசி மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். நெய்மீன் கருவாடு ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு போய் செண்பகவல்லியிடம் கொடுத்தாள். எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் வாசலிலேயே நின்று, கடைசியில் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

கலங்கரை நகர் வீடுகளை ஜாக்கி வைத்து உயர்த்தும் திட்டத்தை நகராட்சி எடுத்துக்கொண்டது. அதற்கும் கருத்துக் கேட்பு வேண்டும். நிறைமதி கூட்டத் தேதியை அறிவித்துவிட்டு, போன கூட்டத்துக்குக் கொடுத்த எட்டுமானிகளைத் திருப்பிக் கொடுக்கும்படி ஒலிபெருக்கியில் சொல்லச் சொன்னாள். யாரும் வரவில்லை. ஊழியர்களை வீடு வீடாக அனுப்பினாள். அவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். “இன்னும் ரெண்டு நாள் குடுங்க”, “எங்க மாமியாவுக்கு இன்னும் எரியல”, “மகன் விடுமுறைக்கு வாரான், அவன் வந்து போகட்டும்.” எல்லா வாசலிலும் இதே பேச்சு. செண்பகவல்லி வீட்டில் நடந்தது அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது.

மகிழ்வண்ணன் வீட்டில் தினமும் சாயங்காலம் அதுதான் வேலை. அவர் ஒன்று சொல்வார். செண்பகவல்லி கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பாள். எரியாது. “இல்ல, வேற சொல்லுங்க” என்பாள். ஒருநாள் எரிந்தது. அன்று அவர் பிரகாசியின் களத்துக்கு ஓடி வந்து, மூச்சிரைக்க, “எரிஞ்சிட்டு பிரகாசி!” என்றார். என்ன சொல்லி எரியவைத்தார் என்பதை மட்டும் கடைசி வரை சொல்லவில்லை.

கருவிகள் கைக்கு வராததால் கூட்டம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. ஊரைக் கேட்பதற்காக வாங்கிய கருவி, வீடுகளில் வேலை முடியாமல் மாட்டிக்கொண்டிருப்பதாக நிறைமதி மேலிடத்துக்குத் தெரிவித்தாள். புதிதாக அனுப்பினாலும் இதே கதிதான் ஆகும் என்றும் சேர்த்துச் சொன்னாள். இதற்கிடையில் கலங்கரை நகர்க்காரர்கள் கட்டிலைத் திருப்பிப் போடவும் சிலிண்டரை மேடையில் ஏற்றவும் செண்பகவல்லியிடம் வந்து கற்றுக்கொண்டு போனார்கள்.

பிரகாசியும் தன் எட்டுமானியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒரு சாயங்காலம், கடலுக்குப் போகாமல் வீட்டில் இருந்த அவள் கணவர் சந்தியாகு வலைக்கண்ணியைப் பின்னிக்கொண்டிருந்தார். அவள் போய் அவர் காதுக்குப் பின்னால் கருவியை ஒட்டினாள்.

“என்னட்டி இது?”

“சும்மா இருங்க. ஒங்க மனசுல இருக்கதெல்லாம் எனக்குத் தெரியும். ஒரு வருசமா கடல்ல மீன் கொறஞ்சு போச்சு, அந்தக் கவல.”

அவள் எட்டிப் பார்த்தாள். எரியவில்லை.

“களத்துல நான் எல்லாரையும் அதட்டுதேன்னு ஒங்களுக்குப் புடிக்கல.”

எரியவில்லை. சந்தியாகு கண்ணியைக் கீழே வைத்துவிட்டார். அவர் முகத்தில் கோபமில்லை. எதையோ எதிர்பார்த்துக் கூச்சப்படுகிற ஆள் போல இருந்தார்.

“தோணிய வித்துரணும்னு ஒங்களுக்கு இருக்கு” என்றாள் பிரகாசி.

இல்லை.

பிரகாசி அவரை உற்றுப் பார்த்தாள். இருபது வருஷத்துக்கு மேலாக அவள் சோறு போட்ட மனிதர். அந்தத் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று ஊர்க் கூட்டத்தில் அடித்துச் சொல்லியிருப்பாள். ஒருவரும் மறுத்திருக்க மாட்டார்கள். அவரேகூட ஆமாம் என்று தலையாட்டியிருப்பார்.

“அப்போ நீங்களே சொல்லுங்க” என்றாள்.

சந்தியாகு தொண்டையைச் செருமினார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் சற்று நேரம் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக அந்த இடைவெளியில் அவள்தான் பேசிவிடுவாள். அன்று எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவர் எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.